உப மீற்றர்

மத்திய வீதியில் புடவைக் கடை மூடிய பிறகு
ஒன்றரை வருடம் அந்த மேல்மாடியில்
பொம்மைகள் மட்டும் நின்றன.
பிறகு அமிர்தநாயகம் என்னைக் கூப்பிட்டார்.
"பதினொரு அறை வரும் தம்பி.
பதினொரு உப மீற்றர் பூட்டு.
கறண்டுக்குச் சண்டை வரக்கூடாது."

பட்டுப் பகுதி ஒன்று, இரண்டு, மூன்று ஆனது.
சாறி விரித்துக் காட்டிய மேடையை அறுத்து
நான்கு கட்டில்.
உடுத்திப் பார்க்கும் மூலை குளியலறை.
அங்கே ஆளுயரக் கண்ணாடியைக் கழற்ற
மேசன் மறந்துவிட்டான்.
"இருக்கட்டும்" என்றார்,
"அதுக்கும் ஐந்நூறு கூட்டலாம்."

வீதிப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல்.
ஆறாம் அறையும் ஏழாம் அறையும்
அதைப் பங்குபோட்டாக வேண்டும்.
பலகை வந்து சட்டத்தின் நடுவில் முட்டி நின்றது.
தள்ளித் திறக்கிற ஜன்னல்.
இவள் திறந்தால்
அவளுக்கு இரண்டு கண்ணாடி.

பலகை எட்டு அடி, கூரை பதினொன்று.
மிச்ச மூன்றடி?
"காற்றுக்கு" என்றார்.
காசுக்கு என்று எனக்கும் விளங்கியது.

பெண்களுக்கு மட்டும் என்று பலகை தொங்கியது.
மூதூரிலிருந்து தாதி ரிஸ்மினா வந்தாள்,
மா ஆலைக் கணக்குப் பகுதிக்கு ஒருத்தி,
வங்கிப் பயிற்சிக்கு வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை.
ஒரு குளிர்பெட்டி.
அதில் முட்டையின் மேலேயே
பேனையால் பெயர் எழுதியிருந்தார்கள்.

தண்ணி மோட்டர் யாருடைய கணக்கு?
பதினொன்றால் பிரி.
லீவில் ஊருக்குப் போனவளும் கட்டவேணுமா?
இருமுறை முழுகுகிறவளும்
ஒருமுறை முழுகுகிறவளும் ஒன்றா?
என்னிடம் கேட்டார்கள்.
அதைப் பிரிக்கிற கம்பி
இன்னும் கடைக்கு வரவில்லை, தங்கச்சி.

மூன்றாம் மாதம்
ஏழாம் அறை மீற்றர் நான்கு அலகில் நின்றது.
போன் சார்ஜ் பண்ண, ஒரு சட்டை அயன் பண்ண,
அவ்வளவுதான்.
"களவாகக் கம்பி இழுத்திருக்கிறாள்" என்றார் அமிர்தநாயகம்.
"இரவில் போய்ப் பார்."

பத்தரைக்கு ஏணியோடு போனேன்.
தட்டியதும் கதவைத் திறந்தாள்,
சம்பூர்ப் பிள்ளை, கௌசிகா.
ஹோல்டரில் பல்ப் இல்லை.
பத்திரிகைத் தாளில் சுற்றி
றாக்கை மேல் வைத்திருந்தாள்.
அறை இருட்டு,
ஆனால் முழு இருட்டு இல்லை.
பலகைக்கு மேலால், அந்த மூன்றடியால்,
ஆறாம் அறை வெளிச்சம் ஏறி வந்து
எதிர்ச் சுவரில் விழுந்து
கீழே ஒரு கொப்பியளவு மிஞ்சியது.
மேசையை அங்கே நகர்த்தியிருந்தாள்.
கொப்பி திறந்தபடி கிடந்தது,
எலும்புகளின் படம், பாதி பெயரிட்டு.

நான் கம்பியைப் பார்ப்பதுபோல்
சுவரைத் தொட்டுவிட்டு வெளியே வந்தேன்.
என்னத்தைக் கேட்பது?

ஆறாம் அறையைத் தட்டினேன்.
ஆய்வுகூடத்தில் வேலை, துஷாரி,
கேகாலைப் பக்கம்.
அவளுடைய தமிழில் சொன்னாள்:
"தெரியும், தெரியும்.
எனக்கு இருட்டு பயம்.
விடியும் வரைக்கும் லைட் போடுறது.
அவ படிச்சா என்ன, படிக்காட்டி என்ன,
காசு ஒண்டுதானே."

பக்கத்து அறையில்
பக்கம் புரளும் சத்தம் நின்று
மறுபடி தொடங்கியது.

அமிர்தநாயகத்திடம் போய்ச் சொன்னேன்.
"அப்ப பலகையைக் கூரை மட்டும் ஏத்து" என்றார்.
அவர் முன்னால் கணக்குப் போட்டேன்:
பலகை, சட்டம், ஆணி, கூலி,
பதினொரு காற்றாடி.
தொண்ணூற்றாறாயிரம் என்றபோது
அவர் பென்சிலைக் காதில் செருகினார்.
"காற்றும் வேணும்தானே."

கொப்பியில் எழுதினேன்:
ஏழு. மீற்றர் சரி.
ஆறு. மீற்றர் சரி.
இரண்டும் உண்மை.

கீழே இறங்கினால், படிக்கட்டின் கீழ்
கடைசிப் பொம்மை, கை கழன்றபடி.
வாசலில் ஒரு மான்
உப மீற்றர் வந்த அட்டைப் பெட்டியை
மென்றுகொண்டிருந்தது.
ஏணியைத் தோளில் வைத்து நிமிர்ந்தேன்.
மேலே ஜன்னல் ஒரு பக்கமாய் நகர்ந்தது.
இன்றைக்கு யாருடைய முறை என்று
கீழே நின்று சொல்ல முடியவில்லை.